எல்லையில்லாத் தனிச்சிறை

குற்றம் புரிந்தவனைச் சமுதாயத்தினின்று பிரித்துச் சிறையில் அடைப்பது பழமையான வழக்கம். சிறைக்குள்ளேயும் அவனைப் பிற கைதிகளிடமிருந்து பிரித்து, நாளொன்றில் 22 அல்லது 23 மணி நேரம் ஒரே கொட்டடியில் பூட்டி வைப்பது அதனினும் கடுமையானது. உணவு கதவின் துளை வழியே வரும், பேச்சுத்துணை இராது, மனிதக் கை மேலே படுவது விலங்கு பூட்டும்போது மட்டுமே. இதனைத் தனிச்சிறை என்பர்.

சில நாள்களுக்கு இவ்வாறு அடைப்பதைப் பலரும் பெரிதாகக் கருதமாட்டார்கள். ஆனால், அதே தனிமை பத்தாண்டு, இருபதாண்டு, சாகும்வரை என நீளுமாயின் அஃது அறமாகுமா? சிறு குற்றவாளியைப் பொறுத்தவரை விடை எளிது. ஆகாது என்று எவரும் கூறிவிடுவர். சிறைக்கு வந்த பின்னும் கொலை செய்பவன், காவலரையே குத்திச் சாய்ப்பவன், இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று துணிந்தவன் ஆகியோரை என்ன செய்வது என்று கேட்கும்போதுதான் வினா கடினமாகிறது. இவ்வினாவுக்கு விடை காண, தனிச்சிறை முறை உருப்பெற்று ஓங்கி வளர்ந்த அமெரிக்க நாட்டின் வரலாற்றை முதற்கண் நோக்குதல் தகும்.

நல்லெண்ணத்தில் பிறந்த கொடுமை

தனிச்சிறையைத் தோற்றுவித்தவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பது வியப்பிற்குரிய உண்மை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியா நகரச் சிறையில் ஆண், பெண், சிறுவர், கடனாளி, கொலையாளி என்ற வேறுபாடின்றி எல்லாரும் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தனர். சாட்டையடியும் தூக்கும் அக்காலத் தண்டனைகள். இந்நிலை கண்டு மனம் வருந்திய சான்றோர் சிலர் 1787-இல் சிறைத்துயர் தணிக்கும் சங்கம் ஒன்றை நிறுவினர். புகழ்பெற்ற மருத்துவரும் அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையொப்பமிட்டவருமான பெஞ்சமின் ரஷ் அவர்களுள் ஒருவர். குவேக்கர் எனப்படும் கிறித்துவப் பிரிவினரின் செல்வாக்கு அச்சங்கத்தில் மிகுதியாக இருந்தது. அமைதியில் அமர்ந்து உள்ளொளியைத் தேடுவது அப்பிரிவினரின் வழிபாட்டு முறை.

தீயவனைத் தீயோர் கூட்டத்தினின்று பிரித்துத் தனிமையில் வைத்தால் அவன் மனச்சான்று விழித்தெழும்; தன் தவற்றை எண்ணி அழுவான்; திருந்துவான். அவர்களுடைய நம்பிக்கை இதுவே. 1790-இல் வால்நட் தெருச் சிறையில் 16 தனிக்கொட்டடிகள் கட்டப்பட்டன. பின்னர் 1829-இல் பிலடெல்பியாவில் கீழைப் பென்சில்வேனியாச் சிறை திறக்கப்பட்டது. ஜான் ஹாவிலண்ட் என்னும் கட்டடக் கலைஞர் அதனை அமைத்தார். நடுவே ஒரு காவல் மையமும், அதினின்று சக்கரத்தின் ஆரக்கால்கள் போல் விரியும் கொட்டடி வரிசைகளும் கொண்டது அச்சிறை. ஒவ்வொரு கொட்டடிக்கும் கூரையில் ஒளித்துளை, நீர்க்குழாய், குளிர்காலத்திற்கு வெப்ப வசதி, உலாவுவதற்குத் தனி முற்றம் ஆகியவை உண்டு. செல்வர் இல்லங்கள் பலவற்றில் இல்லாத வசதிகள் அங்கிருந்தன. ஆனால், ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணக்கூடாது. வெளியே அழைத்துச் செல்லும்போது தலையில் முகமூடி அணிவிக்கப்பட்டது. இத்தகைய சிறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பெனிடென்ஷியரி’ என்னும் பெயர், கழிவிரக்கம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. அப்பெயரே அதனை அமைத்தோரின் உள்ளக்கிடக்கையைக் காட்டும்.

ஆபர்ன் சிறை தந்த பாடம்

பிலடெல்பியாவின் பெருஞ்சிறை திறக்கப்படுவதற்கு முன்னரே, தனிமை என்ன செய்யும் என்பதை நியூயார்க் மாநிலம் கண்டறிந்திருந்தது. 1821-ஆம் ஆண்டின் இறுதியில் ஆபர்ன் சிறையின் அதிகாரிகள், தம்மிடமிருந்த கைதிகளுள் மிகக் கொடியோர் எனக் கருதிய ஏறத்தாழ 80 பேரைத் தெரிந்தெடுத்தனர். அவர்களைத் தொழில் ஏதுமின்றி, பேச்சின்றி, இரவும் பகலும் தனிக்கொட்டடியில் அடைத்தனர்.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. ஓராண்டுக்குள் ஐவர் இறந்தனர். ஒருவர் அறிவு திரிந்தார். மற்றொருவர் கதவு திறந்த நொடியில் மேல்தளத்திலிருந்து கீழே குதித்தார். அஞ்சிய மாநில ஆளுநர் அம்முயற்சியை நிறுத்தி 26 பேருக்கு மன்னிப்பளித்து விடுவித்தார். அவ்வாறு வெளியேறியவர்களுள் 14 பேர் மீண்டும் குற்றம் புரிந்து சிறைக்கே திரும்பினர். அமெரிக்கச் சிறைகளை ஆராய 1831-இல் பிரான்சு நாட்டிலிருந்து சென்ற போமோன், டோக்வில் ஆகிய இரு அறிஞர்களும் தம் அறிக்கையில் இதனைப் பதிவு செய்துள்ளனர்.

இச்செய்தியில் இரு பாடங்கள் உள. கொடியோர் எனத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களும் மனிதர்களே. தனிமை அவர்களையும் உடைத்தது என்பது ஒன்று. தனிமையால் அவர்கள் திருந்தவில்லை என்பது மற்றொன்று. தண்டனையின் இரு நோக்கங்களான காத்தல், திருத்தல் ஆகியவற்றுள் இரண்டாவது அங்கே அடியோடு தோற்றது.

டிக்கன்ஸ் கண்ட காட்சி

1842-இல் ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அமெரிக்கா சென்றபோது பிலடெல்பியாச் சிறையைப் பார்வையிட்டார். கொட்டடி கொட்டடியாகச் சென்று கைதிகளோடு உரையாடினார். நெசவுக்குரிய நூலிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுத்துத் தன் அறைச் சுவர் முழுவதும் வண்ணந் தீட்டியிருந்த ஒரு ஜெர்மானியக் கைதியையும் அவர் கண்டார். அறை அழகாக இருந்தது. மனிதன் நொறுங்கிப் போயிருந்தான்.

அவ்வாண்டே வெளிவந்த தம் அமெரிக்கப் பயண நூலில் டிக்கன்ஸ் இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். இதனை வகுத்தவர்கள் இரக்கமுடையவர்களே என்று ஒப்புக்கொண்ட அவர், தாம் செய்வது இன்னதென அவர்கள் அறியவில்லை என்றும் எழுதினார். உடலில் ஏற்படும் காயம் கண்ணுக்குத் தெரியும், கண்டவர் இரங்குவர். மனத்தில் ஏற்படும் காயமோ தெரிவதில்லை. அதன் ஓலமும் எவர் காதிலும் விழுவதில்லை. ஆதலின் இதுவே கொடிது என்பது அவர் கருத்தின் சாரம்.

அதே ஆண்டில் இலண்டனில் பெண்டன்வில் சிறை பிலடெல்பியா முறையைத் தழுவித் திறக்கப்பட்டது. அங்கே தனிமைக் காலம் முதலில் 18 மாதமாக இருந்தது; கைதிகளின் மனநலம் கெடுவது கண்டு பின்னர் 12 மாதமாகவும், அதன்பின் 9 மாதமாகவும் குறைக்கப்பட்டது. அனுபவமே ஆட்சியாளருக்கு ஆசானாயிற்று.

1890-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் மெட்லி என்பாரின் வழக்கு வந்தது. மனைவியைக் கொன்ற குற்றத்திற்காகக் கொலராடோ மாநிலத்தில் மரண தண்டனை பெற்றவர் அவர். குற்றம் நிகழ்ந்த பின்னர் இயற்றப்பட்ட ஒரு சட்டம், தூக்கிலிடும் நாள்வரை அவரைத் தனிமையில் வைக்குமாறு பணித்தது. தனிமை சிறைக்காவலின் ஓர் ஏற்பாடு மட்டுமன்று, அது தனியொரு கடுந்தண்டனை. ஆதலால் பின்னர் வந்த சட்டத்தின்கீழ் அதனைச் சுமத்தலாகாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறுகிய காலத் தனிமைக்குப் பின்னரே பல கைதிகள் மந்த நிலையில் வீழ்ந்ததையும், சிலர் பித்தரானதையும், சிலர் தற்கொலை செய்துகொண்டதையும் நீதிபதி மில்லர் தம் தீர்ப்பில் எடுத்துரைத்தார். கொலையாளி ஒருவர் பொருட்டு இத்துணை நுட்பமாக நீதி ஆராயப்பட்டது குறிப்பிடத்தக்கது.

1913-இல் பிலடெல்பியாச் சிறையும் தன் தனிமை முறையை முறைப்படி கைவிட்டது. தனிச்சிறையின் கதை அத்துடன் முடிந்துவிட்டது என்று எண்ணுதற்கு இடமிருந்தது. ஆனால், அது முடியவில்லை.

மீண்டும் மூடிய கதவு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனிமை திருத்துவதற்குரிய மருந்தாகக் கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அது மீண்டும் வந்தபோது அத்தகைய நம்பிக்கை எதுவும் உடன் வரவில்லை. இம்முறை அதனை அழைத்து வந்தது அச்சம்.

ராபர்ட் ஸ்ட்ரவுட் என்னும் கைதி 1916-இல் லெவன்வொர்த் சிறையில் ஒரு காவலரைக் குத்திக் கொன்றார். அவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனை 1920-இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. எனினும் அவர் தனிமையிலேயே வைக்கப்பட்டார். கொட்டடியில் பறவைகளை வளர்த்து, அவற்றின் நோய்களை ஆராய்ந்து நூலும் எழுதினார். 1942-இல் அல்காட்ராஸ் தீவுச் சிறைக்கு மாற்றப்பட்டபோது பறவைகளை உடன் கொண்டு செல்ல முடியவில்லை. 1963-இல் இறக்கும்வரை அவர் சிறையில் கழித்த 54 ஆண்டுகளில் 42 ஆண்டுகள் தனிமையிலேயே கழிந்தன.

அல்காட்ராஸ் சிறை 1963-இல் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப இல்லினாய்ஸ் மாநிலத்தில் மேரியன் சிறை எழுந்தது. நாட்டின் மிகக் கொடிய கைதிகள் அங்கே ஒன்றுசேர்க்கப்பட்டனர். 1983 அக்டோபர் 22-ஆம் நாள் அச்சிறையின் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒரே நாளில் இரண்டு காவலர்கள் வெவ்வேறு கைதிகளால் குத்திக் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் இருவரும் முன்னரே சிறைக்குள் கொலை செய்தவர்கள். அவர்களுக்கு ஆயுள் தண்டனை ஏற்கெனவே இருந்தது. அக்குற்றத்திற்கு மரண தண்டனை விதிக்க நடுவண் சட்டத்தில் அப்போது வழியில்லை. அவர்களிடமிருந்து இனிப் பறிப்பதற்கு எஞ்சியிருந்தது மனிதத் தொடர்பு ஒன்றே. அதுவும் பறிக்கப்பட்டது.

மேரியன் சிறையின் எல்லாக் கைதிகளும் நாளில் 23 மணி நேரம் பூட்டப்பட்டனர். சில நாள்களுக்கு என்று தொடங்கிய அந்த ஏற்பாடு இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. இருவர் செய்த குற்றத்திற்கு நூற்றுக்கணக்கானோர் விலை கொடுத்தனர். மேரியனைப் பார்த்து வேறு மாநிலங்களும் அத்தகைய சிறைகளைக் கட்டின. கலிபோர்னியாவில் 1989-இல் பெலிக்கன் பே சிறையும், கொலராடோவில் 1994-இல் புளோரன்ஸ் சிறையும் திறக்கப்பட்டன. மேரியன் கொலையாளிகளுள் ஒருவரான தாமஸ் சில்வர்ஸ்டீன் 1983 முதல் 2019-இல் இறக்கும்வரை 36 ஆண்டுகள் தனிமையிலேயே வைக்கப்பட்டார். தொடக்கத்தில் அவர் இருந்த அறையில் விளக்கு இரவிலும் அணைக்கப்படவில்லை என்று அவர் நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளித்துள்ளார். நீண்ட தனிமையை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு 2014-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

இரு பக்க நியாயங்கள்

சிறைக்காவலர் பக்கத்து நியாயத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அவரும் ஒரு குடும்பத்தின் தலைவர். காலையில் பணிக்குச் சென்று மாலையில் உயிரோடு திரும்பும் உரிமை அவருக்கு உண்டு. சிறு குற்றத்திற்காக உள்ளே வந்த இளங்கைதிக்கும், கொலைவெறி கொண்டவனிடமிருந்து காக்கப்படும் உரிமை உண்டு. கொன்றவன்மேல் காட்டும் இரக்கம், அடுத்துக் கொல்லப்படவிருப்பவனுக்கு இழைக்கும் கொடுமையாகிவிடலாகாது. எனவே ஆபத்தான ஒருவனைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பது தவிர்க்கவொண்ணாத கடமையாகிறது.

ஆயின் பிரித்து வைப்பது வேறு, தனிமையில் அழுத்துவது வேறு. கையில் ஆயுதம் சேராமல் தடுக்கலாம், தடுப்புக்கு அப்பாலிருந்து பேசச் செய்யலாம், நூல்கள் தரலாம், தொழில் தரலாம், குடும்பத்தார் வந்து காண வழி செய்யலாம். இவை எவையும் காவலரின் உயிருக்கு ஊறு விளைவிப்பன அல்ல. பாதுகாப்புக்காகப் பறிக்க வேண்டியவை சில. அவற்றோடு சேர்த்துப் பறிக்கப்பட்டவை பல. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்ததே தனிச்சிறை வரலாற்றின் பெரும்பிழை.

தனிமையின் விளைவுகளைப் பிற்கால மருத்துவ ஆய்வும் உறுதிப்படுத்தியது. மாசசூசெட்ஸ் மாநிலச் சிறையொன்றில் தனிமையில் இருந்த கைதிகளை மனநல மருத்துவர் கிராசியன் ஆராய்ந்து 1983-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சிற்றொலியும் பொறுக்க முடியாமை, இல்லாதவற்றைக் காண்டல், எண்ணத்தை ஒருமுகப்படுத்த இயலாமை, காரணமற்ற அச்சம், அடக்கவொண்ணாச் சினம் ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. சினத்தை அடக்குவதற்கென்று விதித்த தண்டனை சினத்தையே வளர்க்குமாயின், அது நோயை மருந்தாகத் தருவதற்கு ஒப்பாகும்.

1995-இல் பெலிக்கன் பே சிறை பற்றிய வழக்கில் நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன் ஓர் உவமை கூறினார். மனநோயுடையோரை அத்தனிமையில் வைப்பது, மூச்சுத்திணறல் நோயுடையவனைக் காற்றுக் குறைந்த இடத்தில் வைப்பது போன்றது என்பது அது. அத்தகையோரை அங்கு வைத்தலாகாது எனத் தீர்ப்பளித்த அவர், ஏனைய கைதிகள் பொருட்டு அம்முறையை முற்றிலும் தடை செய்யவில்லை. 2013-இல் கலிபோர்னியாச் சிறைகளில் ஏறத்தாழ 30,000 கைதிகள் உணவு மறுத்துப் போராடத் தொடங்கினர். 2015-இல் ஏற்பட்ட வழக்குடன்பாட்டின் வழி, அம்மாநிலம் கால எல்லையற்ற தனிமையைக் கைவிட இசைந்தது.

கிளாஸ்கோவில் ஒரு மாற்று வழி

வன்முறையாளனை வேறு எவ்வாறு நடத்த முடியும் என்று வினவுவோருக்கு ஸ்காட்லாந்து நாட்டின் வரலாறு ஒருவகையில் விடை தருகிறது. அங்கும் தூக்குத் தண்டனை நீங்கியபின், இழப்பதற்கு ஏதுமற்ற ஆயுள் கைதிகள் காவலரைத் தாக்குவது சிக்கலாயிற்று. அத்தகையோரை அடைக்க இன்வர்னெஸ் சிறையில் இரும்புக் கூண்டுகள் இருந்தன. கூண்டில் அடைபட்டோர் மேலும் மூர்க்கம் அடைந்தனரேயன்றி அடங்கவில்லை.

1973-இல் கிளாஸ்கோ நகரின் பார்லினி சிறைக்குள் ஒரு சிறப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. நாட்டின் மிக மூர்க்கமான கைதிகளுள் சிலர் அங்கே அனுப்பப்பட்டனர். கைதிகளும் காவலர்களும் வாரந்தோறும் ஒன்றாக அமர்ந்து சிக்கல்களைப் பேசித் தீர்த்தனர். 1967-இல் கொலைக் குற்றத்திற்கு ஆயுள் தண்டனை பெற்ற ஜிம்மி பாயில் அங்கே வந்தவர்களுள் ஒருவர். கூண்டுகளில் காலங்கழித்த அவர் அப்பிரிவுக்குள் நுழைந்தபோது, தம் மூட்டையின் கயிற்றை வெட்டிக்கொள்ளுமாறு காவலர் ஒருவர் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்ததைத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். ஆயுதமாகக் கூடிய ஒன்றை அவரை நம்பிக் கொடுத்த முதற்கை அது. அவர் சிற்பக் கலை பயின்றார். 1982-இல் விடுதலை பெற்றார். சிற்பியாகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்தார்.

அப்பிரிவு குறையற்றது என்று கூறுவதற்கில்லை. 1977-இல் ஒரு கைதி அளவு மீறிய போதைமருந்தால் அங்கேயே இறந்தார். சலுகைகள் மிகுதி என்ற கண்டனமும் எழுந்தது. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் அது மூடப்பட்டது. எனினும், கூண்டில் இருந்தபோது காவலரைத் தாக்கியவர்கள் அங்கே பெரும்பாலும் தாக்கவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. மூர்க்கம் மனிதனின் பிறவிக் குணம் மட்டுமன்று; அவன் அடைபட்டிருக்கும் இடமும் அதனை வளர்க்கும் அல்லது தணிக்கும் என்பதற்கு அது சான்றாயிற்று.

எல்லை வகுத்த சட்டங்கள்

தனிமைக்கு எல்லை வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், நீதிமன்றம் விதிக்கும் தனிச்சிறை மொத்தத்தில் மூன்று மாதத்திற்கு மேற்படலாகாது என்றும், ஒரு தடவைக்கு 14 நாளுக்கு மேல் நீடிக்கலாகாது என்றும் வரையறுத்தது. 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்றது. திகார் சிறையில் மரண தண்டனை பெற்றுத் தனியே அடைக்கப்பட்டிருந்த கைதி தொடுத்த வழக்கு அது. தனிச்சிறை நீதிமன்றம் மட்டுமே விதிக்கத்தக்க தண்டனை. சிறை அதிகாரிகள் காவல் என்ற பெயரால் அதனைச் சுமத்தலாகாது என்பது தீர்ப்பு. நீதிபதி கிருஷ்ணய்யர் அவ்வழக்கில் எழுதிய தீர்ப்புரை பலராலும் போற்றப்படுவது.

2015 டிசம்பர் 17-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, கைதிகளை நடத்துவதற்கான குறைந்த அளவு விதிகளைத் திருத்தி ஏற்றுக்கொண்டது. 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயர் அவ்விதிகளுக்குச் சூட்டப்பட்டது. தனிமையே சிறைவாழ்வின் மிகக் கொடிய பகுதி என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியவர் அவர். பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்தல் தனிச்சிறை; அது தொடர்ந்து 15 நாள்களைக் கடந்தால் நீடித்த தனிச்சிறை. நீடித்த தனிச்சிறையையும் காலவரையற்ற தனிச்சிறையையும் அவ்விதிகள் தடை செய்கின்றன. 1860-இல் 14 நாள். 2015-இல் 15 நாள். ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் வெவ்வேறு மனிதர்கள் ஏறத்தாழ ஒரே எல்லையை வந்தடைந்திருப்பது எண்ணத்தக்கது.

இவ்விதிகளை மீறுவோரை ஒறுக்கும் ஆற்றல் ஐக்கிய நாடுகள் சபைக்கு இல்லை. ஆயினும், எது வரம்பு என்பதை உலகறியச் சொல்லிவிட்டமையால், வரம்பு கடப்போர் விடையளிக்கக் கடமைப்பட்டவராகின்றனர்.

முடிவுரை

வள்ளுவர் செங்கோன்மை என்னும் அதிகாரத்தில் கொலைத்தொழில் புரியும் கொடியோரைத் தண்டிப்பதை வேந்தனின் கடமையாகவே கொள்கிறார். அதனையடுத்துக் கொடுங்கோன்மையையும், பின்னர் வெருவந்த செய்யாமையையும் வைத்திருக்கிறார். தண்டிக்கும் கடமையுள்ளவன் அஞ்சத்தக்க கொடுமையைச் செய்யாதிருத்தலும் கடமையே என்பது அம்முறைவைப்பால் விளங்கும்.

இருநூறு ஆண்டு வரலாறு காட்டுவதும் அதுவே. நல்லெண்ணம் தனிச்சிறையைப் படைத்தது. அச்சம் அதனை மீட்டெடுத்தது. நல்லெண்ணமும் அச்சமும் இயல்பானவை. ஆனால், அளவு வகுக்கும் ஆற்றல் இரண்டுக்கும் இல்லை. அளவு வகுக்க வேண்டியது சட்டம். கொலைஞனிடமிருந்து பிறரைக் காக்கும் கதவு உறுதியாகவே இருக்கட்டும். அது எந்நாளில் எவர் முன்னிலையில் மீண்டும் திறந்து பார்க்கப்படும் என்பது அக்கதவு மூடப்படும் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு எழுதப்படாத கதவுக்குப் பின்னே தண்டனை முடிவதில்லை. நீதி மட்டும் முடிந்துவிடுகிறது.